முத்தும் கெம்பும் பச்சையும்: கல் நகையில் அப்படி என்னதான் இருக்கிறது?

செண்பகம் (நாகர்கோவில்)

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் மூத்தவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். எங்கள் அம்மா எனக்குப் போட்ட நகைகளில் ஒரு கெம்பு (சிவப்புக்கல்) அட்டிகை, ரெட்டைச் சர முத்துமாலை, பச்சைக்கல் ஜிமிக்கி ஒரு ஜோடி, மூன்றும் அப்படியே இருக்கின்றன. அட்டிகையில் இரண்டு கல் விழுந்துவிட்டது. முத்துமாலையின் நூல் நைந்துவிட்டது. சரி பண்ணலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "இதெல்லாம் இப்ப யாரும்மா போடறாங்க, கல்லைப் பேத்துப் போட்டுட்டு தங்கத்தை மாத்திக்கோங்க, கல்லுக்கும் முத்துக்கும் ஒரு பைசா கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். தங்கம் விற்கிற விலைக்கு அதுதான் புத்திசாலித்தனம் என்று வீட்டுக்காரரும் சொல்கிறார்.

மகளோ முகூர்த்தத்துக்கு அந்த அட்டிகையும் முத்துமாலையும்தான் வேண்டும் என்று நிற்கிறாள். புதிதாக எடுத்த தங்க ஆரத்தைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு அட்டிகையை வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அது என்ன வித்தியாசம் என்று வாயால் சொல்லத்தான் வரவில்லை.

இரண்டு கேள்வி. முத்தும் கலர் கல்லும் பெண்களை இப்படி இழுப்பது வெறும் பழக்கமா, நிஜமாகவே அதில் ஏதாவது இருக்கிறதா? கடைக்காரர் சொன்ன மாதிரி இவற்றுக்கு மதிப்பே இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (சேலம்)

அம்மா, கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். வங்கியிலும் அதே கதைதான். தங்கத்துக்கு தினமும் காலையில் விலை வருகிறது, முத்துக்கு வருகிறதா? நாளைக்கு உங்கள் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் கை கொடுப்பது தங்கம்தான். ஆசைக்கு வேண்டுமானால் கவரிங்கில் அதே மாடல் எடுத்துக்கொள்ளலாம்.

சலங்கை (சிதம்பரம்)

செண்பகம் அக்கா, தயவுசெய்து உருக்கிவிடாதீர்கள். நாளை விரிவாக எழுதுகிறேன், இப்போது ஒத்திகைக்குக் கிளம்புகிறேன். கல்லைப் பேர்க்க மட்டும் விடாதீர்கள்.

பட்டறை குமரன் (கோவை)

அக்கா, நான் கல் பதிக்கிற வேலை பார்ப்பவன். அப்பாவுக்கும் இதே தொழில். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது அடகுக்குச் சரி. ஆனால் "கல்லுக்கு மதிப்பே இல்லை" என்று கடையில் சொல்வது வேறு விஷயம். அதே கடையில் ஒரு புதுக் கல் நகை வாங்கப் போங்கள், கல்லுக்குத் தனியாக ஒரு தொகை போடுவார்கள். சில இடங்களில் அதுகூட இல்லை. மொத்த எடையையும் தங்கமாக வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள். உதாரணத்துக்கு 50 கிராம் அட்டிகையில் கல்லும் உள்ளே இருக்கிற அரக்குமாக 12 கிராம் என்றால் தங்கம் 38 கிராம்தான். விற்கும்போது 50 கிராமுக்குப் பணம் வாங்கி, திரும்ப எடுக்கும்போது 38க்கு மட்டும் கொடுத்தால் அந்த 12 கிராம் எங்கே போனது? கல் நகைக்குக் கெட்ட பேர் வந்ததே இந்தக் கணக்கால்தான். கல் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை.

அதனால் புதிதாக எடுப்பவர்கள் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல் என்ன கல், இயற்கையா செயற்கையா, எத்தனை கேரட் (கல்லின் எடை), அதற்கு எவ்வளவு விலை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஹால்மார்க் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நகையில் எழுத்தும் எண்ணுமாக 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அது தங்கத்தின் தரத்தை மட்டும்தான் சொல்லும். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

இப்போது உங்கள் அட்டிகை. கெம்பு நகையில் கல்லுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும். தங்கத்தில் சின்னச் சின்னக் கிண்ணமாகக் கட்டி, உள்ளே அரக்கு வைத்து, அதன்மேல் பளபளக்கிற மெல்லிய தகடு போட்டு, கல்லை உட்காரவைத்து, விளிம்பைச் சுற்றித் தங்கத்தை அழுத்தி மூடுவோம். மேலே விழுகிற வெளிச்சம் கல்லுக்குள் போய், தகட்டில் பட்டு, சிவப்பாகத் திரும்பி வரும். பட்டை தீட்டாத, மேல்பக்கம் வழவழப்பாக இருக்கிற கல்லைக்கூட இப்படி ஒளிரவைக்கலாம். குத்துவிளக்கு வெளிச்சத்தில் கெம்பு அழகாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கரண்ட் வராத காலத்தில் விளக்குக்காகவே கண்டுபிடித்த வேலை இது என்று அப்பா சொல்வார்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே வடசேரி இருக்கிறது. கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். விழுந்த இரண்டு கல்லையும் அங்கேயே பதித்துவிடலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: வேலைக்குக் கொடுக்கும் முன்னால் கல்லைச் சோதித்துச் சொல்கிற ஒரு ஜெம் லேபில் காட்டிவிடுங்கள். பழைய அட்டிகைகளில் பர்மாச் சிவப்பு (மாணிக்கம்) இருந்து நான் பார்த்திருக்கிறேன், முக்கியமாகப் பர்மாவில் தொழில் செய்த செட்டிநாட்டுக் குடும்பங்களின் நகைகளில். அதே சமயம் பழசு என்பதாலேயே இயற்கைக் கல் என்றும் சொல்லிவிட முடியாது. நெருப்பில் உருக்கிச் செயற்கைச் சிவப்பு செய்கிற முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902லேயே வெளியிட்டுவிட்டார். அதிலிருந்து கொஞ்ச காலத்திலேயே நம் ஊர் நகைகளிலும் அந்தக் கல் ஏறிவிட்டது. திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டியே எத்தனை குடும்பம் பிழைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (சேலம்)

குமரன் தம்பி, எடைக் கணக்கைச் சரியாகச் சொன்னீர்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிறபடி பில் கேட்டு வாங்குகிறவர்கள் நூற்றில் எத்தனை பேர்?

பட்டறை குமரன் (கோவை)

குறைவுதான் ஐயா. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சலங்கை (சிதம்பரம்)

சொன்னபடி வந்துவிட்டேன். முதல் கேள்விக்கு என் பதில்.

சின்ன வயதிலிருந்து மேடையில் கெம்பு செட்டோடு ஆடுகிறேன். நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, அட்டிகை, மாங்காமாலை, ஒட்டியாணம் என்று எல்லாவற்றிலும் சிவப்பும் பச்சையும் வெள்ளையும்தான். ஓரத்தில் முத்து தொங்கும். ஒரு தடவை முழுக்கத் தங்க முலாம் பூசின, கல் இல்லாத செட் போட்டு ஆடச் சொன்னார்கள். வீடியோவைப் பார்த்தால் நகை முகத்தோடு சேர்ந்து மஞ்சளாகக் கரைந்துவிட்டது. எங்கே நகை முடிகிறது, எங்கே முகம் ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. கெம்பு அப்படி இல்லை. வகிட்டில் ஒரு சிவப்பு, நெற்றி விளிம்பில் ஒரு வரிசை முத்து. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகத்தின் வடிவம் தெரியும். கண் எங்கே திரும்புகிறது என்றும் தெரியும். தங்கம் ஒரே நிறம், கல்தான் அதற்கு எல்லை போடுகிறது. உங்கள் மகள் கண்ணாடியில் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. நான் நல்ல கறுப்பு. "உன் நிறத்துக்குச் சிவப்புக் கல் எடுக்காது, முத்துப் போட்டால் இன்னும் கறுப்பாகக் காட்டும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லியே பதினாறு பதினேழு வயது வரை நகை போடவே கூச்சப்பட்டேன். இது முழுப் பொய். முத்தின் வெள்ளை கறுத்த தோலின் மேல்தான் நன்றாகத் தெரியும். வெளுத்த தோலில் பாதி முத்து காணாமல் போய்விடும். கெம்புச் சிவப்பும் அப்படித்தான், மாநிறத்திலும் கறுப்பிலும்தான் அதன் ஆழம் தெரியும். இந்த நகைகள் எல்லாம் நம் தோலைப் பார்த்து, நம் வெயிலையும் நம் விளக்கையும் பார்த்து உருவானவை. எந்தப் பெண் குழந்தையிடமும் "உனக்கு எடுக்காது" என்று சொல்லாதீர்கள். கையில் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்லிகா ரவி (திருப்பூர்)

சலங்கை, கண் கலங்கிவிட்டது. என் மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். நன்றி.

முத்துநகர் ஜோ (தூத்துக்குடி)

முத்து என்று வந்துவிட்டதால் எங்கள் ஊரிலிருந்து ஒருவன் பேசாமல் இருக்க முடியாது.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி கிடக்கும் இடங்களைப் பார் என்போம். தோலாயிரம் பார் என்று ஒன்று உண்டு, பெரிய பார். சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்து அரசாங்கம் அறிவித்தால்தான் முத்துக்குளிப்பு. அதற்குச் சலாபம் என்று பெயர். காலில் கல்லைக் கட்டி, இடுப்பில் பை கட்டி இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். மூச்சைப் பிடித்து ஒரு நிமிஷம், அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதற்குள் கைக்கு அகப்பட்டதை அள்ள வேண்டும். சுறா வராமல் இருக்க மந்திரம் சொல்கிற கடல்கட்டி என்றொருவர் கரையில் இருப்பார், அவருக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. கொண்டுவந்த சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்குவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது.

கொற்கையில் பாண்டியர் காலத்தில் ஆரம்பித்தது இது. மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தபோது, அரசர் கழுத்தில் முத்தும் மாணிக்கமுமாக 104 மணி கோத்த மாலை இருந்ததாக எழுதியிருக்கிறார். தினமும் அத்தனை முறை ஜபம் செய்ய அந்த மாலையாம். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. எங்கள் தாத்தா அதில் குளித்தவர். அதன்பிறகு பார்களில் சிப்பி பழையபடி சேரவே இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், செண்பகம் அக்கா, உங்கள் அம்மாவின் மாலை எந்தக் காலத்தது? உங்கள் பாட்டி வழியாக வந்தது என்றால் அதில் கடல் முத்து, அதுவும் யாரும் வளர்க்காமல் தானாக விளைந்த முத்து இருக்க வாய்ப்புண்டு. எங்கள் கடல் முத்து சின்னதாக இருக்கும், லேசான மஞ்சள் ஓடும், எல்லாம் ஒரே அளவில் இருக்காது. கடையில் பார்ப்பவருக்குப் பழைய, கோணல்மாணல் முத்தாகத்தான் தெரியும். அதைத் தூக்கிப் போட்டால் திரும்பக் கிடைக்காது. வளர்த்த முத்தா, தானாக விளைந்ததா என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நல்ல ஜெம் லேபில் செய்வார்கள்.

தேன்மொழி (பெங்களூரு)

ஜோ அண்ணா, அப்படியானால் இப்போது கடையில் விற்கும் வளர்ப்பு முத்து போலியா? எனக்குக் கல்யாணப் பரிசாக வந்தது ஒன்று இருக்கிறது. கேட்டதும் கொஞ்சம் மனசு சங்கடமாகிவிட்டது.

முத்துநகர் ஜோ (தூத்துக்குடி)

இல்லவே இல்லை தங்கச்சி. சிப்பிக்குள் ஒரு உருண்டையையோ இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையோ வைப்பது மட்டும்தான் மனிதன் வேலை. அதன்மேல் பூச்சு பூச்சாகப் போர்த்துவது சிப்பிதான். அந்தப் பூச்சு ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசு. ஆயிரக்கணக்கில் அடுக்கு இருக்கும். வெளிச்சம் அந்த அடுக்குகளுக்கு உள்ளே போய்ப் போய்த் திரும்புவதால்தான் முத்து மேலே மட்டும் மின்னாமல் உள்ளிருந்தே வெளிச்சம் வருகிற மாதிரித் தெரிகிறது. கண்ணாடி மணியில் பூச்சு அடித்தால் இது வராது.

ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரை முத்து விளைவித்துக் காட்டினார். பிறகுதான் முழு உருண்டை வந்தது. நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973இல் முத்து வளர்த்துக் காட்டியது. அதைப் பெரிய தொழிலாக எடுத்துச் செய்ய ஆளில்லாமல் போனது எங்களுக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கல்யாணி (ஹைதராபாத்)

நான் மதுரைப் பெண், வாழ்க்கைப்பட்டது ஹைதராபாத்தில். இங்கே சார்மினார் பக்கம் பத்தர்கட்டியில் வரிசையாக முத்துக் கடைகள். கடலே இல்லாத ஊரில் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். நிஜாம்கள் வாங்கினார்கள், அதனால் துளையிடுகிறவர்களும் கோர்க்கிறவர்களும் இங்கே வந்து தங்கினார்கள். நிஜாம் நகைகள் 173ஐ இந்திய அரசு 1995இல் 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதில் ஏழு சரத்தில் பஸ்ரா (பாரசீக வளைகுடா) முத்துமாலை ஒன்று உண்டு. கண்காட்சியில் வைத்தபோது பார்த்தேன். வைரங்களைக் கடந்து போய்விட்டு அதன் முன்னால் திரும்பி வந்து நின்றேன். ஏழு சரமும் கழுத்தில் விழுகிற மாதிரி அளவு பார்த்துச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கியிருந்தார்கள். அத்தனை முத்தை ஒரே நிறத்தில் சேர்க்க எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இங்கே விற்பது பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் நன்னீர் முத்து. நன்னீர்ச் சிப்பி ஒன்றிலேயே ஏகப்பட்ட முத்து விளையும், அதனால் விலை குறைவு. மட்டம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் உள்ளே உருண்டை இல்லாமல் முழுக்க முத்துப் பொருளாகவே இருக்கும். பெரிய தென்கடல் முத்து ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து வரும், விலை எங்கேயோ நிற்கும். கறுப்பு முத்து தஹிதிப் பக்கத்து வகை.

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? முத்தை முன்பல்லில் லேசாக உரசுங்கள், நறநற என்று இருந்தால் முத்து, வழுக்கினால் போலி. இது பலருக்குத் தெரியும். நான் அதைவிடத் துளையைத்தான் பார்ப்பேன். ஒரு லென்ஸ் எடுத்துத் துளையின் வாயைப் பாருங்கள். போலி என்றால் விளிம்பில் பெயிண்ட் உரிந்து, உள்ளே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரியும். உருண்டை வைத்து வளர்த்த முத்தில் சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடும், அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் பூச்சு. அந்தப் பூச்சு தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முத்தில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். நல்ல முத்தில் ஜன்னல் கம்பிகூடத் தெளிவாக விழும். உருண்டை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒளி மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

செண்பகம் அக்கா, உங்கள் மாலையைக் கோர்க்கும்போது பட்டுநூலில், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள். முகூர்த்தக் கூட்டத்தில் நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும். முத்தும் ஒன்றோடொன்று உரசித் தேயாது.

பூங்குழலி டீச்சர் (மதுரை)

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ஒன்று சொல்ல ஆசை. சிலப்பதிகாரத்தில் வழக்கே கல்லால்தான் முடிகிறது. கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. பொற்கொல்லன் அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறான். "என் சிலம்பின் பரல் மாணிக்கம்" என்கிறாள் கண்ணகி, "எம் சிலம்பின் பரல் முத்து" என்கிறான் அரசன். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. தங்கத்தை எடை போட்டிருந்தால் அந்த உண்மை வெளியே வந்தே இருக்காது. பாண்டியன் அரண்மனையில் முத்து இருந்ததும், புகார் வணிகர் வீட்டில் மாணிக்கம் இருந்ததும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். முத்து பாண்டியர் கடலில் விளைந்தது. மாணிக்கம் வியாபாரத்தில் வந்தது. அதே காப்பியத்தில் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவும் வருகிறது. ஒவ்வொரு மணியின் குணமும் குற்றமும் வரிசையாகச் சொல்லியிருக்கும். வாங்குகிறவர்களும் அதைத் தெரிந்துவைத்திருந்த காலம் அது.

கொங்கு மணி (காங்கேயம்)

டீச்சர் சொன்னதோடு எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்க காலத்து ஊரான கொடுமணலில் தோண்டியபோது கல்மணி செய்த பட்டறையே கிடைத்தது. பாதி தேய்த்தது, துளை போடாமல் விட்டது என்று எல்லா நிலையிலும் மணிகள். படிகம், நீலம், பெரில் (மரகதத்தின் இனம்), சூதுபவளம். பெரில் எங்கள் பக்கத்துப் படியூரில் கிடைத்த கல். ரோமாபுரிக்கு ஏற்றுமதியானது. இப்போதும் மழை பெய்து உழவு ஓட்டினால் காட்டில் கல் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

யாழினி (இரத்தினபுரி, இலங்கை)

அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரின் பெயரிலேயே ரத்தினம் இருக்கிறது, அதனால் நீலக்கல் பற்றிக் கொஞ்சம்.

இங்கே வயலிலும் ஆற்றங்கரையிலும் குழி தோண்டி, அடியில் இருக்கிற சரளை அடுக்கு வரை இறங்குவார்கள். அந்தச் சரளையை இல்லம் என்று சொல்வோம். அதைக் கூடையில் எடுத்து, தண்ணீருக்குள் சுழற்றிச் சுழற்றி அலசினால் மண் போய்விடும், பாரமான கல் அடியில் தங்கும். கடைசிக் கூடையை வெயிலுக்குத் திருப்பி, நிதானமாகக் கையால் தடவிப் பார்ப்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஈரமான சரளைக்குள் ஒரு நீலத் துண்டைக் கண்டால் யாரும் சத்தம் போடமாட்டார்கள். எடுத்து வாயில் வைத்து நனைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள்.

மாணிக்கமும் நீலமும் ஒரே கல்தான். குருந்தம் என்ற கனிமம். வைரத்துக்கு அடுத்த கடினம். கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சில மாணிக்கத்தை வெயிலில் பிடித்தால் தணல் மாதிரி எரியும். சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிருக்கு அந்தக் குரோமியம் தானாகவே சிவப்பாக ஒளிரும், அதுதான் காரணம். பர்மா மாணிக்கத்துக்குப் பேர் வந்ததே அதனால்தான், அதில் இரும்பு குறைவு. தாமரை நிறத்தில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்து ஒரு குருந்தம் இங்கே கிடைக்கும், பத்மராகம் என்போம். ஒருதரம் பார்த்தால் மறக்காது.

1981இல் டயானாவுக்குப் போட்ட நிச்சயதார்த்த மோதிரம் இலங்கை நீலம்தான், 12 கேரட். இப்போது அது மருமகள் கேட் கையில் இருக்கிறது. உலகத்தில் எந்த வைரத்தையும் வாங்கக் கூடியவர்கள் நீலக்கல்லை எடுத்தார்கள்.

ராஜி சுந்தர் (சென்னை)

யாழினி, நீலம் எல்லோருக்கும் ஒத்துக்காது என்கிறார்களே. தலையணைக்கு அடியில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று என் மாமியார் சொல்வார். ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

யாழினி (இரத்தினபுரி, இலங்கை)

அக்கா, இங்கே நீலக்கல்லைக் கையில் எடுத்து, கழுவி, பட்டை தீட்டி, விற்று, மகளுக்குப் போட்டுப் பார்க்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆசைப்பட்டால் போடுங்கள். அந்த நிறம் உங்கள் கைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நெறியாளர்

ராசிக்கல் பலன் பற்றித் தனி இழை இருக்கிறது, தயவுசெய்து அதை அங்கே தொடரவும். இங்கே அழகு, தரம், விலை, பராமரிப்பு மட்டும் பேசலாம்.

மல்லிகா ரவி (திருப்பூர்)

ஒரு எச்சரிக்கை. போன வருஷம் ஒரு கடையில் பெரிய சிவப்புக்கல் மோதிரம், "நிஜ மாணிக்கம், லேப் கார்டு இருக்கு" என்று சொல்லி வாங்கினேன். அளவு பெரிதாக்கப் பட்டறையில் கொடுத்தேன். திரும்ப வந்தபோது கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல். கடையில் கேட்டால் பட்டறைக்காரன் கெடுத்துவிட்டான் என்கிறார்கள்.

பட்டறை குமரன் (கோவை)

அக்கா, அது கண்ணாடி நிரப்பின மாணிக்கமாக இருக்கும். வெடிப்பு நிறைந்த மட்டமான கல்லை எடுத்து, வெடிப்புக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றிவிடுவார்கள். பார்க்கத் தெளிவாகத் தெரியும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது, இன்றைக்கு எங்கும் இருக்கிறது. நெருப்புப் பட்டாலும், நகையைப் பளிச்சென்று ஆக்க நாங்கள் முக்குகிற அமிலம் பட்டாலும் அந்தக் கண்ணாடி அரித்துவிடும். எலுமிச்சைச் சாறுகூடக் கெடுக்கும். பத்து மடங்கு லென்ஸில் கல்லை மெதுவாகத் திருப்பினால் உள்ளே நீல மின்னல் ஒன்று ஓடும், சின்னச் சின்னக் குமிழியும் தெரியும். கார்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், "கண்ணாடி நிரப்பப்பட்டது" என்று அதிலேயே சின்னதாகப் போட்டிருப்பார்கள். போடாவிட்டால் கடையில் உறுதியாகக் கேளுங்கள்.

வெறும் சூடு காட்டி நிறம் கூட்டுவது வேறு. மாணிக்கம், நீலம் இரண்டுக்கும் அது காலங்காலமாக நடப்பது, நிலைத்து நிற்கும், ஏமாற்று இல்லை. சூடு காட்டாத நல்ல கல்லுக்கு விலை பல மடங்கு, அவ்வளவுதான். மரகதத்தில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதுவும் ஊரறிந்த வழக்கம். எது செய்திருந்தாலும் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

வசந்தி (தஞ்சாவூர்)

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன்.

அப்பா போன பிறகு அம்மா கெம்புத் தோட்டைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்துவிட்டார். யாரும் நேராகக் கழற்றச் சொல்லவில்லை, அவராகவே செய்தார். ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்புதான். காதில் ஒரு சின்ன முத்துக் கம்மல் மட்டும். "முத்துன்னா வெள்ளைதானே, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். சிவப்பு அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். புடவைகூடக் கல் நகைக்குப் பார்த்துத்தான் எடுப்பார். நானும் தங்கையும் ரொம்ப நாள் பேசிப் பேசி, போன பொங்கலுக்கு அந்தத் தோட்டைத் திரும்பப் போடவைத்தோம். கோயிலுக்குப் போகும்போதும் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு மாமி "நல்லாருக்கு, எடுக்காதீங்க" என்றார். நிறத்தை ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது. மதிப்பு இல்லாத கல்லென்றால் அதைக் கழற்றச் சொல்லி ஊர் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறது?

சலங்கை (சிதம்பரம்)

வசந்தி அக்கா, அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (சேலம்)

வசந்தி அம்மா எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். செண்பகம் அம்மா, சேமிப்புக்குத் தங்கக் காசு தனியாக எடுத்து வையுங்கள், அதில் என் கருத்து மாறவில்லை. அட்டிகையை அட்டிகையாகவே கொடுங்கள்.

செண்பகம் (நாகர்கோவில்)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. லேபில் காட்டினோம். அட்டிகையில் நடுப்பதக்கத்தில் இருக்கிற கல் இயற்கை மாணிக்கம், சூடு காட்டாதது என்று வந்திருக்கிறது. சுற்றியிருப்பவை எல்லாம் செயற்கைச் சிவப்பு. முத்து உருண்டை வைத்து வளர்த்த கடல் முத்து. வீட்டுக்காரர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார், இப்போது உருக்குகிற பேச்சே இல்லை. வடசேரியில் ஒரு ஆசாரியிடம் வேலைக்குக் கொடுத்திருக்கிறோம். மாலையைப் பட்டுநூலில் முடிச்சுப் போட்டே கோர்க்கச் சொல்லியாயிற்று.

ஒரே ஒரு சந்தேகம். முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லா நகையையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதையும் அப்படிச் செய்யலாமா? அப்புறம், மற்ற நாட்களில் லாக்கரில் எப்படி வைப்பது?

பட்டறை குமரன் (கோவை)

அட்டிகையைத் தண்ணீரில் முக்கவே கூடாது அக்கா. கல்லுக்கும் கட்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கினால் பின்னால் இருக்கிற தகடு கறுத்து, கல்லும் கறுத்துவிடும். திரும்பத் திறந்துதான் சரி பண்ண வேண்டும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும், இடுக்கில் இருக்கும் தூசிக்குக் காய்ந்த மெல்லிய பிரஷ். பச்சைக்கல் ஜிமிக்கி நிஜ மரகதம் என்றால் வெந்நீர், சோப்பு, கடைகளில் வைத்திருக்கிற அல்ட்ராசோனிக் மிஷின் எதுவும் வேண்டாம், எண்ணெய் வெளியேறி வெடிப்பு தெரிய ஆரம்பிக்கும். பூந்திக்கொட்டையெல்லாம் உங்கள் வெறும் தங்க நகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணி (ஹைதராபாத்)

முத்துக்கு நான் சொல்கிறேன். மணப்பெண்ணுக்குச் சென்ட், ஹேர் ஸ்ப்ரே, மேக்கப் எல்லாம் முடிந்து கடைசியாக முத்துமாலையைப் போடுங்கள், கழற்றும்போது முதலில் அதைக் கழற்றுங்கள். முத்தில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. வியர்வை, எலுமிச்சை, புளி எது பட்டாலும் மேல்பூச்சு மங்கும். கழற்றியதும் ஈரம் பிழிந்த துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, நூல் காய்ந்த பிறகு வையுங்கள். காற்றுப் போகாத பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள், ரொம்ப நாள் அப்படிக் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். பழைய பட்டுத் துணியில் சுற்றி, தங்கத்தோடும் கல்லோடும் உரசாமல் தனி டப்பாவில் வைக்க வேண்டும். தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள், தொங்கினால் நூல் நீளும்.

லாக்கரில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்காமல் அவ்வப்போது எடுத்துப் போடச் சொல்லுங்கள் மகளை. ஆபீசுக்குக் காட்டன் புடவையோடும் நன்றாக இருக்கும். நான் அப்படித்தான் போடுகிறேன்.